மார்பகப் புற்றுநோயும் குடல் பாக்டீரியாவும்: ஆய்வு காட்டும் வழி, அரசு மறந்த வழி

புதுதில்லி:

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாக ஏற்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு இது. நோயின் வேர்களைத் தேடும் விஞ்ஞானிகளின் பார்வை, அண்மை ஆண்டுகளில் எதிர்பாராத ஓர் இடத்தில் பதிந்துள்ளது. அது மனிதக் குடல்.

கொழுப்பும் ஹார்மோனும்

உடல் பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என அந்த முகமை 2016இல் அறிவித்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. அந்த வயதில் சூலகம் ஓய்ந்துவிடுவதால், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே உருவாகிறது. கொழுப்பு கூடினால் ஹார்மோனும் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பகுதி இந்த ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை.

பயன்பட்டு முடிந்த ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் வேறொரு பொருளுடன் பிணைத்து, பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்கள் சில சுரக்கும் நொதி அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது. வெளியேற வேண்டிய ஹார்மோனின் ஒரு பகுதி மீண்டும் இரத்தத்தில் கலக்கிறது.

உடல் எடையிலும் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2006இல் இதை எலிகளிடம் காட்டியது. குடலில் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குப் பருமனான எலிகளின் பாக்டீரியாக்கள் செலுத்தப்பட்டன. மெலிந்த எலிகளின் பாக்டீரியாக்களைப் பெற்றவற்றைவிட அவற்றின் உடலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது.

எனினும், குடல் பாக்டீரியாவே மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பது மனிதர்களிடம் இன்னும் நிறுவப்படவில்லை. தயிரோ, கடைகளில் விற்கும் புரோபயாடிக் மாத்திரையோ இந்நோயைத் தடுக்கும் என்பதற்கும் சான்று இல்லை.

இரட்டிப்பான பருமன்

ஆனால், உடல் பருமன் பெருகி வருவதில் ஐயமில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மிகை எடை கொண்ட பெண்களின் விகிதம் 2005-06இல் 12.6 சதவீதமாக இருந்தது. 2019-21இல் 24 சதவீதமாக உயர்ந்தது. தில்லியில் இது 41.3 சதவீதம், தமிழகத்தில் 40.4 சதவீதம். மலிவான எண்ணெயும் சர்க்கரையும் நிறைந்த பாக்கெட் உணவுகள் குக்கிராமம் வரை எட்டிவிட்ட காலத்தில், இதைத் தனிமனிதரின் நாவடக்கம் சார்ந்த விஷயமாக மட்டும் பார்க்க முடியாது.

கையிலிருக்கும் விடை

மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு, சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் ஒரு பாதியினரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். விலை உயர்ந்த கருவி எதுவும் பயன்படுத்தப்படவில்லை. பரிசோதனை பெற்றவர்களில் 50 வயதைக் கடந்தோரிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இம்முடிவு 2021இல் வெளியானது.

முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இத்தகைய பரிசோதனை நடத்த வேண்டும் என்று மத்திய அரசும் 2016இல் வழிமுறை வகுத்தது. ஆனால், 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை என்று 2019-21 குடும்ப நல ஆய்வு கூறுகிறது.

எலியின் குடலில் தொடங்கிய தேடல் முடிவுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். மும்பைக் குடிசைகளில் கிடைத்த விடைக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அது கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரை சென்று சேர வேண்டும். அதற்குத் தேவை பணியாளர்களும் நிதியும்தான்.