"எப்பண்ணே தொறக்கிறாக?" வேலை இல்லாத நாட்களில் போர்மேனை தேடும் பட்டாசு தொழிலாளர்கள்

கேட்க மறக்கும் இன்னொரு கேள்வி

சிவகாசி,

நாடெங்கும் தீபாவளி வெடி வெடிக்கும் நேரத்தில், அதை செய்து கொடுத்த சிவகாசி பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும். தீபாவளி முடிந்து பூஜை போட்டு ஆலையை திறக்கும் வரை தொழிலாளர்களுக்கு கையில் வேலை இல்லை.

"எப்பண்ணே தொறக்கிறாக? நம்ம ஊருக்கு வேன் வருமா?"

வெம்பக்கோட்டை, தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை பக்கம் போர்மேனை எங்கே கண்டாலும் இந்த கேள்விதான்.

மனதில் பட்டியல்

முதலாளியிடம் நேரில் போய் வேலை கேட்பவர்கள் குறைவு. மருந்து கலக்க யார், திரி வைக்க யார், பாக்கிங்குக்கு யார் என்ற பட்டியல் போர்மேன் மனதில் இருக்கிறது. தொடர்பு விட்டுப்போனால் அந்த இடம் இன்னொருவருக்கு போய்விடும்.

2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, "பச்சை உப்பு" எனப்படும் பேரியம் நைட்ரேட் கலந்த பட்டாசுக்கும், சரவெடிக்கும் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. நவம்பரில் ஆலைகள் மூடப்பட்டன. மறுபடி திறக்க மாதக்கணக்கில் ஆனது. அடுப்பு எரிய வேண்டுமே! கிடைத்த வேலைக்கு போனார்கள்.

இப்படி வேறு வேலைக்கு போவதில் தவறில்லை. "அண்ணே, இப்போ கட்டிட வேலைக்கு போறேன். தொறந்தா ஒரு போன் போடுங்க" என்று சொல்லிவிட்டு போவது நல்லது. செல்போன் நம்பரை மாற்றினால் போர்மேனுக்கும், ஆலை ஆபீசுக்கும் சொல்ல வேண்டும். பி.எப். கணக்கிலும் புது நம்பரை பதிய வேண்டும். ஆலை மாறினாலும் யு.ஏ.என். நம்பர் மாறாது.

விபரீத அழைப்பு

ஆனால் வருகிற அழைப்பு எல்லாம் நல்ல அழைப்பு அல்ல. "ஆலைதானே மூடியிருக்கு, வீட்டிலேயே திரி வச்சுக் கொடுங்க" என்று மருந்தை கொண்டு வந்து இறக்கும் ஆட்களும் உண்டு. இது சட்ட விரோதம். தீப்பிடித்தால் வீட்டில் தூங்கும் குழந்தையும் தப்பாது.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலையில் நடந்த பயங்கர வெடி விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் உடல் கருகி பலியானார்கள். உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையிலும் அங்கே வேலை நடந்தது.

எனவே "எப்போ தொறக்கிறாக" என்பதோடு, "லைசென்சு திரும்ப வந்திருச்சா அண்ணே?" என்றும் கேட்க வேண்டும். கேட்டால் கோபிப்பாரோ, அடுத்த தடவை கூப்பிட மாட்டாரோ என்ற பயம்தான் வாயை கட்டுகிறது.

இன்னொரு கதவு

ஒரே ஆளை நம்பி இருப்பவருக்குத்தான் இந்த பயம். விருதுநகரில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே பதிந்தவர்கள் 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சீனியாரிட்டி போய்விடும்.

தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. முகாமில் பயோடேட்டாவை கொடுத்ததோடு வீடு திரும்பி விடக்கூடாது. கம்பெனி அதிகாரியின் பெயர், நம்பரை குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து விசாரிக்க வேண்டும். ஆள் கிடைக்காமல் அந்த இடம் காலியாக இருந்தால், விசாரித்தவர் பெயர் நினைவுக்கு வரும்.

இப்படி இரண்டு, மூன்று இடத்தில் தொடர்பு வைத்திருப்பவர், ஆபத்தான வேலைக்கு அழைப்பு வந்தால் "வரலைண்ணே" என்று துணிந்து சொல்லலாம். அந்த ஒரு வார்த்தை உயிரை காக்கும்.