நீட் தேர்வில் கூற்று–காரண வினாக்கள்

கூற்று–காரண வினா என்பது இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, அவை சரியா தவறா என்பதோடு, இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்தை விளக்குகிறதா என்றும் கேட்கும் கொள்குறி வகை வினா ஆகும். மருத்துவப் படிப்புக்கான தேசியத் தகுதி மற்றும் நுழைவுத் தேர்வில் (நீட்) தருக்க அறிவுக்கென்று தனிப் பகுதி இல்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுக்குள்ளேயே மாணவரின் காரண அறிவைச் சோதிக்கும் இடமாக இவ்வகை வினா அமைகிறது. பாடத்தை நன்கு படித்த மாணவரும் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். பயிற்சிக் கட்டணம் எதுவும் இல்லாமல், பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு தேர்ச்சி பெறக்கூடிய பகுதியும் இதுவே.

இக்கட்டுரையில் உள்ள எடுத்துக்காட்டுகளில் பல, இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள உச்சிப்புளியையும் அதை ஒட்டிய பாம்பன் கரையையும் சேர்ந்தவை. கண்ணால் பார்க்கும் பொருளைக் கொண்டு தருக்கம் பழகுவது எளிது.

பின்னணி

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் 2016 வரை மருத்துவச் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நடந்தது. 2017 முதல் நீட் மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. டெல்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்திவந்த தனித் தேர்வில் கூற்று–காரண வினாக்கள் நிலையான இடம் பெற்றிருந்தன; தருக்கச் சிந்தனைக்கெனத் தனி வினாக்களும் அதில் உண்டு. அத்தேர்வு 2019உடன் நின்று, 2020 முதல் நீட்டில் இணைந்தது. இன்றைய நீட் வினாத்தாளில் 180 வினாக்கள். நேரம் 180 நிமிடம். இவற்றில் 90 உயிரியலைச் சேர்ந்தவை. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். ஆகவே, தெரிந்த பாடத்தில் ஒரு வினாவைத் தவறாகக் குறித்தால் இழப்பு ஐந்து மதிப்பெண்.

ஐந்து மதிப்பெண் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. உச்சிப்புளிக்கு அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கு 100 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போக எஞ்சியவை 85. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவற்றுள் கிடைப்பவை ஏறத்தாழ ஆறு இடங்கள். அந்த ஆறுக்கும் மாநிலம் முழுவதிலுமிருந்து மாணவர்கள் போட்டியிடுகிறார்கள்.

வினாவின் அமைப்பு

முதல் வாக்கியம் கூற்று, இரண்டாவது காரணம். விடைகள் வழக்கமாக நான்கு. இரண்டும் சரி, காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம் என்பது முதல் விடை. இரண்டும் சரி, ஆனால் காரணம் சரியான விளக்கம் அல்ல என்பது இரண்டாவது. கூற்று சரி, காரணம் தவறு என்பது மூன்றாவது. கூற்று தவறு, காரணம் சரி என்பது நான்காவது. இந்த வரிசை வினாத்தாளுக்கு வினாத்தாள், சில சமயம் ஒரே வினாத்தாளுக்குள்ளும் மாறும். பழைய தேர்வுகள் சிலவற்றில் "இரண்டும் தவறு" என்ற விடையும் இருந்தது. பழக்கத்தின் வேகத்தில் விடை எண்ணை மனப்பாடமாகக் குறிப்பவர்கள் ஏமாறுவார்கள்.

மண்டபம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவை எடுத்துக்கொள்வோம். "கடற்பசு மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வருகிறது" என்பது கூற்று. "கடற்பசு நுரையீரலால் சுவாசிக்கிறது" என்பது காரணம். இரண்டும் சரி, விளக்கமும் பொருந்துகிறது, முதல் விடை. கூற்றை அப்படியே வைத்துக் காரணத்தை மட்டும் "கடற்பசு கடற்புல்லை உண்கிறது" என்று மாற்றினால், அதுவும் உண்மைதான். ஆனால் புல் தின்பதற்கும் மூச்சுவிட மேலே வருவதற்கும் தொடர்பில்லை, இரண்டாவது விடை. "கடற்பசு செவுள்களால் சுவாசிக்கிறது" என்றால் காரணம் தவறு, மூன்றாவது. "கடற்பசு ஒரு மீன்" என்று கூற்றையும், "கடற்பசு குட்டி ஈன்று பாலூட்டுகிறது" என்று காரணத்தையும் அமைத்தால் நான்காவது. ஒரே விலங்கைப் பற்றி நான்கு விடையும் வந்துவிட்டன.

இதிலிருந்து ஒரு வசதியும் தெரிகிறது. "இரண்டும் தவறு" என்ற விடை இல்லாத வினாவில், கூற்று தவறு என்று உறுதியாகத் தெரிந்தாலே விடை முடிந்தது. காரணத்தைப் படித்து நேரம் போக்க வேண்டாம். காரணம் தவறு என்று தெரிந்தாலும் அப்படியே. இரண்டும் சரி எனும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது.

"ஏனெனில்" சோதனை

இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் "ஏனெனில்" என்ற சொல்லை இட்டு ஒரே வாக்கியமாகப் படித்துப் பார்ப்பது முதல் சோதனை. இது எல்லாப் பயிற்சி நூலிலும் இருக்கிறது. ஆனால் இது மட்டும் போதாது, ஏனென்றால் பொருந்தாத காரணமும் காதுக்கு இனிமையாகவே ஒலிக்கும்.

உச்சிப்புளிச் சாலையோரப் பனைகளைப் பாருங்கள். "பனையின் தண்டில் கேம்பியத்தால் நிகழும் இரண்டாம் நிலை வளர்ச்சி இல்லை" என்பது கூற்று. "பனையில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியானவை" என்பது காரணம். இரண்டும் உண்மை. அவசரத்தில் படிப்பவர், இரண்டுமே பனையின் தனிச்சிறப்பு போலத் தோன்றுவதால் முதல் விடையைக் குறித்துவிடுவார். இங்கே இரண்டாவது சோதனை உதவும்: காரணம் இல்லாத இடத்திலும் கூற்று நிற்கிறதா என்று பார்ப்பது. தென்னையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில், ஒரே பாளையில் உள்ளன. இருந்தும் தென்னையிலும் அந்த வளர்ச்சி இல்லை. ஆகவே ஆண், பெண் பிரிவு இதற்குக் காரணமன்று. இரண்டும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் வாஸ்குலார் கற்றைகள் மூடியவை, கேம்பியம் அற்றவை. அதுவே விளக்கம்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. "பகலில் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசுகிறது" என்பது கூற்று. "நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் நிலத்தைவிட அதிகம்" என்பது காரணம். காரணத்தில் காற்று என்ற சொல்லே இல்லை என்பதால் சிலர் இரண்டாவது விடையைக் குறிக்கிறார்கள். இடையிலுள்ள படிகளை நிரப்பிப் பார்க்க வேண்டும். ஏற்புத்திறன் அதிகமானதால் கடல் மெதுவாகச் சூடேறுகிறது; நிலம் விரைவில் சூடேறுகிறது; நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழுகிறது; அங்கு அழுத்தம் குறைகிறது; கடல்மேலுள்ள குளிர்ந்த காற்று அவ்விடத்துக்கு வருகிறது. நான்கைந்து படிகள் இருந்தாலும் சங்கிலி அறுபடவில்லை. எனவே முதல் விடையே சரி. (ஆடி மாதத்தில் பனைகளை வளைக்கும் காற்று பருவக்காற்று, அதை இந்த விளக்கத்தில் கொண்டுவந்து குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

பின்னோக்கிய காரணம்

மிகவும் நுட்பமான பொறி, விளைவைக் காரணமாக வைப்பது. "முதல் வகை நீரிழிவு நோயாளியின் உடலில் இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு" என்பது கூற்று. "அவருடைய சிறுநீரில் குளுக்கோஸ் வெளியேறுகிறது" என்பது காரணம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சரி, தொடர்பும் நெருக்கமானது. ஆனால் இன்சுலின் குறைந்ததால் குளுக்கோஸ் வெளியேறுகிறதே தவிர, குளுக்கோஸ் வெளியேறுவதால் இன்சுலின் குறையவில்லை. இரண்டாவது விடைதான் பொருந்தும்.

தமிழில் தருக்கம் படித்தவர்களுக்கு இது பழகிய இடம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய அனுமான உறுப்புகளும், அவற்றின் போலிகளும் விரிவாகச் சொல்லப்படுகின்றன. மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்று அறிவது அம்மரபின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே புகை என்பது நெருப்பை நாம் அறிவதற்கான ஏது. அது நெருப்பு உண்டானதற்கான காரணம் அன்று. சிறுநீர்ச் சோதனை செய்யும் மருத்துவருக்குக் குளுக்கோஸ் ஓர் ஏது. நோய்க்கு அது காரணம் அல்ல. "எப்படித் தெரிந்தது?" என்ற கேள்விக்கும் "ஏன் நடந்தது?" என்ற கேள்விக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்ட மாணவர் பின்னோக்கிய காரணத்தில் விழமாட்டார். தேர்வு கேட்பது எப்போதும் இரண்டாவது கேள்வியை.

குழப்பும் அண்டை வகை

"கூற்று 1, கூற்று 2" என்று வரும் வினாக்கள் வேறு. அவற்றில் இரண்டும் சரியா, இரண்டும் தவறா, ஒன்று மட்டும் சரியா என்பதே கேள்வி. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டியதில்லை. தொடர்பைத் தேடி நேரத்தை இழப்பவர்கள் உண்டு. இவ்வகையில் "எல்லா", "மட்டும்", "எப்போதும்" ஆகிய சொற்களுக்கு அடிக்கோடிடுவது நல்லது. எல்லாத் தமனிகளும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன என்ற வாக்கியம் நுரையீரல் தமனியில் உடைந்துவிடும்.

பிரித்தானியாவில் படிக்க விரும்பும் தமிழ் மாணவர்கள் எழுதும் யூகேட் தேர்வு முற்றிலும் மாறானது. அதில் பாட அறிவுக்கு வேலையில்லை. கொடுக்கப்பட்ட தகவலிலிருந்து மட்டுமே முடிவு காண வேண்டும். துறையில் நிற்கும் படகுகள் எல்லாம் எஞ்சின் பூட்டியவை, அவற்றுள் சில பாம்பனைச் சேர்ந்தவை என்றால், பாம்பன் படகுகள் எல்லாம் எஞ்சின் பூட்டியவை என்ற முடிவு வராது. துறைக்கு வராத பாம்பன் படகுகளைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. நீட் வினாவுக்கு இந்த ஒழுங்கோடு பாட அறிவும் வேண்டும்.

தமிழில் எழுதுபவர் கவனிக்க வேண்டியவை

தமிழ் வாக்கியத்தில் எதிர்மறை கடைசியில் வருகிறது. முதல் விடையையும் இரண்டாவது விடையையும் பிரிப்பது வரியின் இறுதியிலுள்ள "அல்ல" என்ற ஒரு சொல்தான். நிமிடத்துக்கு ஒரு வினா என்ற வேகத்தில் பாதி வரி படித்தவுடன் கை ஓடிவிடும். விரல் வைத்து வரியின் முடிவு வரை படிக்கும் சிறுவயதுப் பழக்கத்தை இதற்காக மீட்டுக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை.

தமிழைத் தேர்ந்தெடுப்பவருக்கு வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்து கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிழையின் சுமை கடைசியில் மாணவர் தலையில்தான் விழுந்தது என்பதை மறுக்க முடியாது. அதனால் தமிழ்வழி மாணவர் முக்கிய அறிவியல் சொற்களின் ஆங்கில வடிவத்தையும் அறிந்திருப்பது தற்காப்பு.

ஊகித்து எழுதலாமா?

நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரி வரவு கால் மதிப்பெண். கூற்று சரி என்று மட்டும் தெரிந்து ஒரு விடையை நீக்கினால் அது மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண்ணாகும். இரண்டும் சரி என்று உறுதியாகத் தெரிந்து, விளக்கம் பொருந்துமா என்பதில் மட்டும் ஐயம் இருந்தால் ஒன்றரை. கடைசி நிலையில் உள்ள வினாவை விட்டுவிட்டு வருவது நட்டம். ஒன்றும் தெரியாத வினாவில் கிடைக்கும் கால் மதிப்பெண்ணுக்காக நேரத்தைச் செலவிடுவது வீண்.

பயிற்சி

பழைய நீட் வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துச் செய்வது அனைவரும் அறிந்ததே. அதைவிடப் பயன் தருவது, வினாக்களைத் தாமே உருவாக்குவது. பாடநூலின் ஒரு பத்தியில் "இதனால்", "ஆகவே", "எனவே" ஆகிய சொற்கள் வரும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவ்வாக்கியத்தை இரண்டாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளைக் கொண்டு, கடற்பசுவுக்குச் செய்தது போல, நான்கு விடைக்கும் நான்கு வினா எழுத வேண்டும். இரண்டாவது விடைக்கான வினாவை எழுதுவதுதான் கடினம். பொருந்தாத உண்மையைப் பொருந்துவது போல் வைக்கத் தெரிந்துவிட்டால், பிறர் வைத்த பொறியும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்து தாளை மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

தவறிய வினாக்களை ஒரு குறிப்பேட்டில் எழுதும்போது, செய்தி தெரியாமல் தவறியதா, தொடர்பு தெரியாமல் தவறியதா என்று ஒரு எழுத்தில் குறிக்கலாம். முன்னதற்கு மருந்து மறுவாசிப்பு. பின்னதற்கு எத்தனை முறை பாடத்தைப் படித்தாலும் பயனில்லை. மேலே சொன்ன வெட்டி எழுதும் பயிற்சிதான் வேண்டும்.

பழைய வழிகாட்டி நூல்களைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்கவும். பாம்பனை அடுத்த குருசடைத் தீவுக்குப் பெயர் தேடித்தந்த பலனோகிளாசஸ், முன்பு முதுகுநாணிகளின் துணைத்தொகுதி ஒன்றில் வைக்கப்பட்டிருந்தது. அதன் முன்பகுதியிலுள்ள ஸ்டோமோகார்டு உண்மையான முதுகுநாண் அன்று என்பதால், இன்றைய பாடநூல்கள் அரைநாணிகளை முதுகுநாணற்றவற்றுள் தனித் தொகுதியாக வைக்கின்றன. பழைய நூலின் விடையை நம்பினால் கூற்றும் மாறும், காரணமும் மாறும்.