கொம்புச் சாணமும் அகளி மண்ணும்

சென்ற பொங்கல் விழாவன்று பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நம் சங்க அன்பர்கள் மூவர் என்னைச் சூழ்ந்துகொண்டனர். ஒருவர் மொட்டை மாடியில் முப்பது தொட்டி வைத்திருப்பவர். இன்னொருவருக்குக் கொல்லங்கோட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர். மூன்றாமவர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்தவர். "பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துப் புதைத்துத் தெளித்தால் மண்ணே மாறிவிடும் என்கிறார்கள். நீங்கள்தான் அகளியில் எட்டு வருடமாகப் பாடுபடுகிறீர்களே, சொல்லுங்கள் சார்" என்றார். அந்த இரைச்சலில் பேசி முடியவில்லை. ஆசிரியர் எழுதித் தரும்படி கேட்டார்.

நான் வேளாண்மை படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் 34 ஆண்டுகள் கழித்தவன். ஆகவே இதை ஒரு தோட்டக்காரனின் அனுபவமாக மட்டும் கொள்ளவும்.

அகளியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார்க்காட்டிலிருந்து முக்காலி வழியாக மலையேறினாலும் வரலாம். கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகவும் வரலாம். கோவைக்குக் குடிநீர் தரும் சிறுவாணி அணை இந்த அட்டப்பாடிக்குள்தான் இருக்கிறது. நீலகிரியில் பிறக்கும் பவானி இங்கே வந்து, மேற்கே போக மனமில்லாமல் கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்கே போய்விடுகிறது. மழையும் அப்படித்தான், ஒரே சீராக இராது. மேற்கே முக்காலிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். கிழக்கே ஆனைகட்டியை நெருங்க நெருங்க வறண்டுவிடும்.

ஓய்வு பெற்ற பணத்தில் இங்கே 70 சென்ட் சரிவு நிலம் வாங்கினேன். வாங்கியவுடன் செய்த முதல் காரியம் ஜே.சி.பி. வைத்துச் சமன் செய்ததுதான். புதர், புல் எல்லாவற்றையும் வழித்தெடுத்துப் பார்த்தால் ஸ்டேஷன் யார்டு போல் அழகாக இருந்தது. ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்தது. நான்கே நாளில் மேல்மண் முழுவதும் கீழே ஓடைக்குப் போய்விட்டது. மிஞ்சியது சரளையும் செம்பாறையும். பக்கத்து ஊரைச் சேர்ந்த இருளர் பாட்டி ஒருவர் வேலியருகே நின்று பார்த்துவிட்டு, நிலத்தின் தோலை உரித்துவிட்டீர்களே என்றார். அந்தச் சரிவில் தம் மாமியார் சாமை விதைத்தவர் என்றும் சொன்னார். எனக்கு விற்றவர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர். அவருக்கு முன்னால் நிலம் யாருடையது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. 1951 கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் பத்துக்கு ஒன்பது பேர் பழங்குடியினர். இன்று பாதிக்கும் குறைவு. இதைப் படித்ததும் பாட்டி சொன்னதைச் சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

என் தவறு எங்கே என்று யோசித்தேன். ரயில்வேக்காரனுக்குத் தண்ணீர்தான் எதிரி. கரை தண்ணீர் குடித்தால் சரியும். அதனால் பக்கவாட்டு வடிகால், மேல் வடிகால், மதகு என்று நீரை எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றலாம் என்பதே எங்கள் கவலை. தோட்டத்தில் இது தலைகீழ். நீரை நடக்க வைக்க வேண்டும்; முடிந்தால் உட்கார வைக்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு மீட்டர் நீளக் கம்பு இரண்டை ஆங்கில 'ஏ' எழுத்துப் போல் கட்டி, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சமதரையில் இரு கால்களும் நிற்கும்போது நூல் குறுக்குக் கம்பில் எங்கே படுகிறதோ அங்கே ஒரு கோடு. பிறகு நிலத்தில் அந்தக் கோட்டில் நூல் விழும்படி காலை மாற்றி மாற்றி வைத்து, முளையடித்துக்கொண்டே போனால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் கல் வரப்பு; வரப்பின் மேல் வெட்டிவேரும், சீமைக்கொன்றை என்று இங்கே சொல்லும் கிளைரிசிடியாவும் நட்டேன். கிளைரிசிடியாவை வருடம் மூன்று முறை வெட்டித் தழையாகப் போடலாம்.

மொட்டைச் சரிவு மீளுமா என்று சந்தேகிப்பவர்கள் பொம்மியம்படியில் உள்ள கிருஷ்ணவனத்தைப் பார்க்கவேண்டும். கவிஞர் சுகதகுமாரியும் நண்பர்களும் 1980களில் இருளர் மக்களைக் கொண்டு மரம் வளர்த்த இடம். பிற்பாடு ஜப்பானியக் கடனுதவியுடன் வந்த 'அஹாட்ஸ்' திட்டமும் இந்த மலைகளில் மண் அணை, தடுப்பணை என்று நிறைய வேலை செய்தது.

இனி கொம்புக்கு வருகிறேன். 1924 ஜூன் மாதம், அன்று ஜெர்மனியில் இருந்த கோபர்விட்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஸ்டைனர் எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பயோடைனமிக் முறைக்கு அதுவே பிறப்பு. பண்ணை என்பது ஓர் உயிர், உரம் அதற்குள்ளேயே பிறக்கவேண்டும் என்பது அடிப்படை. அதன் 500ஆம் எண் தயாரிப்புதான் கொம்புச் சாண உரம். கறவைப் பசுவின் சாணத்தைக் கொம்பில் அடைத்து ஐப்பசி வாக்கில் புதைத்து, ஆறு மாதம் போல் கழித்து எடுப்பார்கள். ஏக்கருக்கு 25 அல்லது 30 கிராம் போதும். அதை வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் வலமும் இடமுமாக மாற்றி மாற்றிச் சுழற்றி, மாலையில் தெளிக்கவேண்டும். 501 என்பது பளிங்குக் கல் பொடி. ஏக்கருக்கு ஒரு கிராம் அளவே. இவை தவிர கம்போஸ்டில் இடும் மூலிகைத் தயாரிப்புகளும், நிலா பார்த்து விதைக்கும் நாள்காட்டியும் உண்டு.

30 கிராம் ஓர் ஏக்கருக்கு உரமாகாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அதை உரமாக நினைக்கக் கூடாது, உயிர்களைத் தூண்டுவது என்பார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று எட்டுப் பாத்தி போட்டேன். ஆறுக்கு ஒரே அளவு கம்போஸ்ட். அவற்றில் மூன்றுக்கு மட்டும் கொம்பு உரம். மீதி இரண்டுக்கு எதுவும் இல்லை. எடை போட்டது என் மனைவி. எது எந்தப் பாத்தி என்று அவரிடம் சொல்லவில்லை. கீரையும் வெண்டையுமாக இரண்டு பருவம். கம்போஸ்ட் இல்லாத இரண்டு பாத்தியும் பார்த்தவுடனே தெரிந்தன. கொம்பு உரம் பெற்றதற்கும் பெறாததற்கும் நான் நம்பிச் சொல்லக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. முகாம் நண்பரிடம் சொன்னேன். நீங்கள் சுழற்றியது சரியில்லை என்றார். இருக்கலாம். எட்டுப் பாத்தி எதையும் முடிவாக நிரூபிக்காது.

பெரிய சோதனை ஒன்று சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற இடத்தில் 1978இல் தொடங்கியது. பயோடைனமிக், சாதாரண இயற்கை முறை, ரசாயன முறை மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறார்கள். 2002இல் வெளியான 21 ஆண்டு முடிவுப்படி இயற்கை முறைகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு. ஆனால் இட்ட சத்து 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு, மண்ணில் உயிர்கள் அதிகம். அதில் பயோடைனமிக் பாத்திகளுக்கு மக்கிய எருவும் கிடைத்தது. எனவே நன்மை கொம்பால் வந்ததா எருவால் வந்ததா என்று பிரிப்பது எளிதன்று. நான் எருவின் பக்கம்.

அந்த எரு விஷயத்தில் நமக்கு வெளிநாட்டுக் குரு தேவையில்லை என்று சொல்ல வந்தேன். ஆனால் ஆல்பர்ட் ஹோவர்டை விட முடியாது. இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து இந்தூர் முறையை வகுத்தவர். நம் உழவர்களையே தம் பேராசிரியர்கள் என்று சொன்னவர். குவியல் நீள அகல உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூடு நிற்காது. காய்ந்த சருகு மூன்று பங்கு, பச்சைத் தழை ஒரு பங்கு, இடையிடையே சாணக் கரைசல். பிழிந்த துணியளவு ஈரம் போதும். மூன்றாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி எடுங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் குவியல் வேலை செய்கிறது. சுடாவிட்டால் பச்சையோ ஈரமோ குறைவு. நாறினால் ஈரம் அதிகம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதத்தில் மண்வாசனை வரும்.

மாடித் தோட்ட நண்பருக்கு உரத்தைவிட முக்கியமானது வேறு. நனைந்த மண் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2 டன். தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் சுவரோரமும் உத்திரத்தின் மேலும் வரிசையாக வையுங்கள். கலவையில் பாதி தென்னை நார்க்கழிவாக இருக்கட்டும்.

கொல்லங்கோட்டு நண்பர் ஒரே நாளில் ரசாயனத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னார். வேண்டாம். இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, நெல்லும் தேயிலையும் அடிபட்டு, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டது. மண்ணில் மக்கு ஏறும் முன் உரத்தை நிறுத்தினால் பயிர் பட்டினி கிடக்கும். அரை ஏக்கரில் தொடங்கி ஆண்டுக்கு அரை ஏக்கராகக் கூட்டுங்கள்.

நாள்காட்டி விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. இங்குள்ள ஊர்களில் மூப்பனைப் போலவே மண்ணூக்காரன் என்று ஒருவர் உண்டு. நிலமும் விதைப்பும் அவர் பொறுப்பு. ஒரே காட்டில் ராகி, சாமை, துவரை, அவரை, கீரை என்று கலந்து விதைத்து ஒன்றன்பின் ஒன்றாக அறுப்பார்கள். அந்த விவசாயம் நலிந்த மலையில்தான் 2013இல் சத்துக்குறைவால் பச்சிளங் குழந்தைகள் இறந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் கேரள அரசு சிறுதானியத் திட்டம் கொண்டுவந்தது. அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

என் மேல் வரப்பில் இப்போது நிற்பது அந்தத் துவரைதான். விதை கொடுத்தவர் பாட்டி. காசு வாங்க மறுத்து, அறுத்தபின் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். பாட்டிக்குக் கொடுத்தது போக நான்கு படி இருக்கிறது. வேண்டுவோர் அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒரு பை கொண்டு வாருங்கள். அளவு அதே இரண்டு மடங்குதான்.