கிளையன்டுக்கு ஒரு தளம், ஊருக்கு ஒரு கருவி

2010 ஆகஸ்டில் இணையத்தில் ஒரு பாட்டுக் காட்சி வெளியானது. கனடாவின் ஆர்கேட் ஃபயர் இசைக்குழுவின் ‘வீ யூஸ்டு டு வெய்ட்’ பாட்டுக்காகச் செய்தது. பாட்டு தொடங்கும் முன் அது பார்ப்பவரிடம் ஒரு கேள்வி கேட்டது: நீங்கள் வளர்ந்த வீட்டின் முகவரி என்ன? முகவரியைத் தட்டியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரவுசர் ஜன்னல்கள் திறந்தன. ஒன்றில் ஒருவர் தெருவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் கறுப்புப் பறவைகள் கூட்டமாகப் பறந்தன. வேறொன்றில் கூகுள் மேப்ஸும் ஸ்ட்ரீட் வியூவும் எடுத்துவைத்திருந்த படங்களிலிருந்து பார்ப்பவரின் சொந்தத் தெருவே வந்து நின்றது. கடைசியில் அந்தத் தெருவில் மரங்கள் முளைத்து வளர்ந்தன. ‘தி வில்டர்னஸ் டவுன்டவுன்’ என்று அதற்குப் பெயர். கிறிஸ் மில்க் இயக்க, கூகுளின் ஆரன் கோப்ளின் குழுவும் ஸ்வீடனில் தொடங்கிய பி-ரீல் என்ற டிஜிட்டல் ஏஜென்சியும் சேர்ந்து உருவாக்கினார்கள். மறுவருடம் கான் விளம்பர விழாவில் சைபர் பிரிவின் கிராண்ட் ப்ரீ விருதுகளில் ஒன்று இதற்குக் கிடைத்தது.

அந்தப் பறவைகளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அவை முன்கூட்டியே படம்பிடித்த வீடியோ அல்ல. பார்ப்பவரின் கம்ப்யூட்டரிலேயே அந்தந்த நொடியில் கணக்குப் போட்டு வரையப்பட்டவை. பறவைக் கூட்டத்தைக் கணக்காக மாற்றும் வழியை கிரெய்க் ரெய்னால்ட்ஸ் 1987லேயே எழுதிவைத்துவிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் மூன்றே விதிகள்: பக்கத்துப் பறவையோடு மோதாதே, அக்கம்பக்கம் போகும் திசையிலேயே போ, கூட்டத்தின் நடுவை விட்டு ரொம்ப விலகாதே. தலைவன் கிடையாது, பாதை கிடையாது. இந்த மூன்றையும் நொடிக்குப் பல தடவை கணக்கிட்டால் போதும், திரையில் கூட்டம் வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து பறக்கும்.

இந்தப் படைப்பில் வேலை செய்தவர்களில் ஒருவர் ரிக்கார்டோ கபெல்லோ. இணையத்தில் ‘மிஸ்டர் டூப்’ என்றால்தான் தெரியும். அதே 2010 ஏப்ரலில் அவர் ‘த்ரீ.ஜேஎஸ்’ என்ற ஒரு லைப்ரரியை, கோடைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் போட்டிருந்தார். பிரவுசருக்குள் முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கான கோட் தொகுப்பு அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், காசுக்கு விற்கும் வேலையிலும் பயன்படுத்தலாம். கடையின் தளத்தில் ஒரு ஷூவை விரலால் திருப்பிப் பார்க்கிறோமே, அதற்கு அடியில் இன்றைக்குப் பல இடங்களில் இருப்பது இதுதான்.

டிஜிட்டல் ஏஜென்சி உலகத்தைப் புரிந்துகொள்ள இதுவே நல்ல வாசல். கிளையன்டுக்காகச் செய்யும் தளம் ஒரு படத்தின் ரிலீஸோடு, ஒரு காரின் அறிமுகத்தோடு முடிந்துபோகும். சில வருடங்களில் அதன் முகவரியைப் புதுப்பிக்கக்கூட ஆளிருக்காது. ஆனால் அந்த வேலையின் நடுவே எழுதிய கருவியும், கற்றுக்கொண்ட நுட்பமும் வெளியே வந்து பொதுச்சொத்தாகிவிடுகின்றன. ஏஜென்சிகள் உலகத்துக்குக் கொடுத்ததில் பெரிய பங்கு, அவை பில் போடாத வேலையில்தான் இருக்கிறது.

ஏஜென்சி என்பது பெரும்பாலும் சின்ன இடம். டிசைனர், பக்கத்தின் முகத்தைக் கட்டும் ஃப்ரன்ட்-எண்ட் டெவலப்பர், சர்வர் பக்கம் பார்க்கும் பேக்-எண்ட் டெவலப்பர், சோதித்துப் பார்க்கும் டெஸ்டர், கிளையன்டோடு பேசும் புராஜெக்ட் மேனேஜர். காலையில் நின்றபடியே பத்துப் பதினைந்து நிமிஷப் பேச்சு: நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே அது தளத்துக்குப் போகும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் லைவ் செய்வதில்லை என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். சனிக்கிழமை உடைந்தால் யார் வருவார்கள்?

தொட்டால் அசையும் பக்கத்தைச் செய்வதில் உள்ள சிக்கல் பெரும்பாலும் நேரம்தான். சாதாரணத் திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது. அப்படியென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் பிரவுசர் எது எங்கே நிற்கிறது என்று அளந்து, நிறம் பூசி, அடுக்குகளைச் சேர்த்துத் திரையில் காட்டிவிட வேண்டும். தாண்டிவிட்டால் கண்ணுக்கு ஒரு தடுக்கல் தெரியும். ஒரு படச்சட்டம் இடமிருந்து வலமாக நகர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அனுபவமில்லாதவர் அதன் ‘லெஃப்ட்’ அளவை மாற்றிக்கொண்டே போவார். ஒவ்வொரு தடவையும் பிரவுசர் மறுபடி அளக்க ஆரம்பிக்கும். பழகியவர் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற கட்டளையைப் பிடிப்பார். மறு அளவெடுப்பு இல்லாமல் அடுக்கை மட்டும் கிராபிக்ஸ் சிப் நகர்த்திவிடும். பார்க்க இரண்டும் ஒன்றே. விலை குறைந்த போனில்தான் வித்தியாசம் தெரியும். அதனாலேயே நல்ல டெவலப்பர்கள் தங்கள் மேஜையில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனையும் வைத்திருக்கிறார்கள்.

அசைவு எல்லோருக்கும் இன்பமும் அல்ல. 2013ல் ஆப்பிள் ஐஓஎஸ் 7 கொண்டுவந்தபோது, திரையில் படங்கள் பாய்ந்து வருவதும் பின்னணி தனியாக நகர்வதும் தலைசுற்றலையும் குமட்டலையும் தருவதாகப் பலர் புகார் சொன்னார்கள். உள்காதின் சமநிலை உணர்வில் கோளாறு உள்ளவர்களுக்கு இது உண்மையான உடல் வேதனை. 2017ல் சஃபாரி பிரவுசர், அசைவைக் குறைக்கச் சொல்லிப் போனில் ஒருவர் வைத்திருக்கும் செட்டிங்கைத் தளங்களும் தெரிந்துகொள்ள வழி செய்தது. மற்ற பிரவுசர்களும் பின்னால் வந்தன. இன்று ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அக்சஸிபிலிட்டி பகுதியில் அந்த செட்டிங் இருக்கிறது. அதை மதிக்கும் கோட் சில வரிகள்தான். அந்தச் சில வரிகளை எழுதாத தளம் எத்தனை விருது வாங்கினாலும் அரைகுறை வேலையே.

ஏஜென்சிக்காரர்கள் இணையத்தின் அடிப்படை மொழியையே மாற்றிய கதை ஒன்று உண்டு. 2010 மே மாதம் ஈத்தன் மார்கோட், திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானே ஒழுங்குபடும் பக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அடுத்த வருடமே பாஸ்டன் குளோப் நாளிதழின் தளம் அந்த முறையில் வெளியானது. மார்கோட்டோடு அப்ஸ்டேட்மென்ட், ஃபிலமென்ட் குரூப் என்ற இரண்டு சின்ன நிறுவனங்கள் அந்த வேலையைச் செய்தன. அதில் ஒரு சங்கடம் தலைதூக்கியது. எழுத்தும் கட்டங்களும் போனுக்கு ஏற்பச் சுருங்கின; ஆனால் பெரிய திரைக்கான கனத்த படத்தை ஒரே மாதிரி எல்லோருக்கும் அனுப்பினால், போன் வைத்திருப்பவர் தேவையில்லாத டேட்டாவுக்குக் காசு கட்ட வேண்டும். டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் யாருக்கும் இதன் வலி தெரியும்.

ஃபிலமென்ட் குரூப்பின் ஸ்காட் ஜெல் ‘பிக்சர்ஃபில்’ என்ற ஒட்டுவேலைக் கோடை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். அதோடு விடாமல், அங்கே வேலை பார்த்த மேட் மார்க்விஸ் உள்ளிட்ட டெவலப்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, திரைக்கேற்ற படத்தைத் தேர்ந்தெடுக்க, அந்த அடிப்படை மொழியான எச்டிஎம்எல்லிலேயே ‘பிக்சர்’ என்ற புதிய குறி வேண்டும் என்று கேட்டார்கள். பிரவுசர் செய்யும் பெரிய நிறுவனங்கள் லேசில் இறங்கிவரவில்லை. வருடக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் 2014ல் யோவ் வைஸ் என்ற டெவலப்பர், குரோமின் உள்ளே இதைத் தானே எழுதித் தருவதாக முன்வந்தார். வேலை செய்யும் மாதங்களில் அவர் வீட்டுச் செலவுக்கு என்ன வழி? ஊர்கூடித் தேர் இழுத்தது: இணையத்தில் உண்டியல் வைத்தார்கள், தளம் கட்டிப் பிழைக்கும் ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். கேட்ட பத்தாயிரம் டாலரைத் தாண்டிச் சேர்ந்தது. அதே வருடம் குரோம் 38 பதிப்பில் அந்தக் குறி வந்துவிட்டது. இன்று செய்தித் தளமொன்றைச் சின்னப் போனில் திறக்கும்போது சின்னப் படமே வந்து இறங்குகிறதென்றால், அதில் இவர்கள் உழைப்பு இருக்கிறது.

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்தில் ஸ்பாட்டி என்ற ஏஜென்சி வேறொரு விதம். பிஹெச்பி மொழியின் லாராவெல் சூழலில் வேலை செய்பவர்கள் இந்தப் பெயரைத் தாண்டிப் போகவே முடியாது. யாருக்கு என்ன அனுமதி என்று பார்ப்பது, படங்களை அடுக்கிவைப்பது, பேக்கப் எடுப்பது என்று கிளையன்ட் வேலையில் திரும்பத் திரும்ப வந்ததையெல்லாம் தனித்தனிப் பேக்கேஜாகப் பிரித்து நூற்றுக்கணக்கில் வெளியிட்டிருக்கிறார்கள். விலை கிடையாது. உண்மையான தளம் ஒன்றில் பயன்படுத்தினால் உங்கள் ஊரிலிருந்து ஒரு தபால் அட்டை அனுப்புங்கள் என்று மட்டும் கேட்கிறார்கள். வந்த அட்டைகளைத் தங்கள் தளத்தில் வெளியிடவும் செய்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் தன் கோடை எடுத்து அவருடைய ஊரில் ஒரு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ தளம் கட்டியிருக்கிறார் என்பதை, ஸ்டாம்ப் ஒட்டிய அட்டையில் பார்க்கும் டெவலப்பருக்கு அது சம்பளத்தில் வராத சந்தோஷம்.

பாஸ்டனின் தாட்பாட் நிறுவனம் வாரத்தில் நான்கு நாள் கிளையன்டுக்கு, வெள்ளிக்கிழமை கற்பதற்கும் பொதுக் கருவிகளுக்கும் என்று ஒதுக்கி வைத்த வழக்கத்துக்குப் பெயர் பெற்றது. தளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கோட் தொகுப்பு பிறந்ததும் இதே மாதிரி மண்ணில்தான். சிகாகோவின் 37சிக்னல்ஸ் அப்போது மற்றவர்களுக்குத் தளம் வடிவமைத்துக் கொடுத்த சின்ன நிறுவனம். தங்கள் புராஜெக்டுகளைக் கவனிக்க பேஸ்கேம்ப் என்ற கருவியை அவர்கள் கட்டினார்கள். அதற்காக டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் எழுதிய கோடிலிருந்து பொதுவான பகுதியை மட்டும் பிரித்து 2004ல் ரெயில்ஸ் என்று வெளியிட்டார். ட்விட்டர், கிட்ஹப், ஷாப்பிஃபை எல்லாம் அதன் மேல் எழுந்தவை.

இந்தக் கொடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2016 மார்ச்சில் ஒரு டெவலப்பர், ஒரு பெயர்ச் சண்டையில் மனம் கசந்து, தான் எழுதிய பேக்கேஜுகளை எல்லாம் பொது இடத்திலிருந்து எடுத்துவிட்டார். அதில் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’, 11 வரிக் கோட். ஒரு சொல்லுக்கு முன்னால் இடைவெளியோ பூஜ்யமோ சேர்ப்பதைத் தவிர வேறு வேலை அதற்கு இல்லை. அது போன சில நிமிஷங்களில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான புராஜெக்டுகள் நின்றுபோயின. பெரும் நிறுவனங்களின் மென்பொருள், சம்பளம் வாங்காத ஒருவரின் ஓய்வு நேரத்தின் மேல் நிற்கிறது என்பது அன்று பலருக்கு முதல் தடவையாக உறைத்தது. எடுத்துக்கொள்பவர்கள் லட்சம் பேர், பராமரிப்பவர் ஒருவர் என்ற கணக்கு இன்னும் மாறவில்லை. கிளையன்டிடம் வாங்கும் தொகையில் ஒரு பங்கை இப்படிப்பட்டவர்களுக்கு அனுப்புவதை ஏஜென்சிகள் செலவுக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மறைந்துபோவதற்கும் தங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஃப்ளாஷைப் போல எதுவும் காட்டவில்லை. 1996ல் ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் என்ற பெயரில் வந்து, மேக்ரோமீடியா கைக்குப் போய், 2005ல் அடோபியிடம் சேர்ந்த, பிரவுசருக்குள் அசையும் காட்சிகளை ஓட்டிய தொழில்நுட்பம் அது. 2000களின் ஏஜென்சி உலகமே அதில்தான் ஓடியது. நியூயார்க்கின் ஜோஷுவா டேவிஸ் தன் ‘ப்ரேஸ்டேஷன்’ தளத்தில் செய்த சோதனைகளின் மூலக் கோப்புகளையே எல்லோரும் திறந்து பார்க்கக் கொடுத்தார். ஒரு தலைமுறை அதைப் பிரித்துப் பார்த்துத்தான் தொழில் கற்றது. ஐபோன் ஃப்ளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாக எழுதினார். 2020 டிசம்பர் 31ஆம் தேதி அடோபி ஆதரவை நிறுத்தியது. பிரவுசர்கள் அதை விலக்கின. இருபது வருடத்து வேலை ஒரேயடியாகத் திறக்காமல் போயிற்று.

ஆனால் கைத்திறன் போகாமல் தங்கிவிட்டது. கபெல்லோவின் த்ரீ.ஜேஎஸ், அவர் முதலில் ஃப்ளாஷில் எழுதிய கோடிலிருந்து வந்ததுதான். ஜாக் டாயல் ஃப்ளாஷுக்காக எழுதிய அசைவுக் கருவிகளை 2012ல் பிரவுசரின் சொந்த மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்தார். ஜிசாப் என்ற அந்தத் தொகுப்பில்தான் இன்று விருது வாங்கும் தளங்களில் ஏராளமானவை அசைகின்றன. அதை 2024ல் வெப்ஃப்ளோ நிறுவனம் வாங்கியது. மறுவருடம், முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த பகுதிகளையும் இலவசமாக்கியது.

பழைய தளங்களை மீட்கும் வேலையும் நடக்கிறது. ‘ரஃபிள்’ என்ற ஓப்பன் சோர்ஸ் முயற்சியில், ஃப்ளாஷ் கோப்புகளை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டும் மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதிவருகிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவ் 2020 நவம்பரிலிருந்து அதைக் கொண்டு பழைய விளையாட்டுகளையும் கார்ட்டூன்களையும் ஓட்டிக் காட்டுகிறது. அவை பெரும்பாலும் ஒரே கோப்புக்குள் அடங்கியவை என்பதால் எளிதில் உயிர் பெறுகின்றன. ஏஜென்சிகள் செய்த பெரிய விளம்பரத் தளங்கள் அப்படி அல்ல. படம் ஒரு சர்வரில், எழுத்து ஒரு டேட்டாபேஸில் என்று சிதறிக் கிடந்தவை. கிளையன்ட் சர்வரை அணைத்த நாளில் பாதி போய்விட்டது. அந்தக் காலத்தில் வேலை பார்த்த டெவலப்பர்களின் பழைய ஹார்ட் டிஸ்குகளில்தான் மீதி தேட வேண்டியிருக்கிறது.