ஹெட்டைக் கழற்றும் முன் முள்ளைப் பாருங்கள்

போன வாரம் கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்தோம். அதற்கு நான்கு பிளக்கையும் கழற்ற வேண்டும். வேக்குவம் கேஜுக்கு ஒரு ரப்பர் ட்யூப் போதும், இன்ஜின் ஓடும்போதே பார்த்துவிடலாம்.

பழைய அம்பாசடரில் இழுவை கொஞ்சம் குறைந்தாலே, "போர் போயிடுச்சு சார், இன்ஜினை இறக்கிடலாம்" என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அந்த 1489 சிசி பிளாக்கை ரீபோர் செய்யும்போது சீவிய இரும்பு திரும்பி வராது. ஓவர்சைஸ் பிஸ்டனுக்கும் ஓர் எல்லை உண்டு. உத்தரபாராவில் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. இனி இருப்பதைக் காப்பாற்றினால்தான் உண்டு.

ட்யூபை த்ராட்டில் தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, மேனிஃபோல்டில் செருகுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய குழாயில் வேண்டாம். பல கார்புரேட்டர்களில் அந்தத் துளை தகட்டுக்கு வெளிப்புறம் இருப்பதால் ஐடிலில் முள் அசையவே அசையாது. நல்ல இன்ஜின் மேல் பழி விழும்.

இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்க வேண்டும். இது சென்னைக் கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 7,000 அடிக்கு மேலிருக்கும் ஊட்டியில் 12, 13 காட்டினால் பதற வேண்டாம்.

முள் 15-ல் ஆடாமல் நின்றால் முதலில் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடும்போது முள் 5-க்குக் கீழே விழுந்து, 24, 25 வரை எகிறித் திரும்பினால் ரிங்குகள் நலம். 22-ஐக்கூடத் தொடாவிட்டால்தான் போர் மேல் சந்தேகப்பட வேண்டும், அதையும் கம்ப்ரஷன் டெஸ்டில் உறுதிசெய்த பிறகே.

நான் அதிகம் கவனிப்பது ஒரே தாளத்தில் வரும் துடிப்பை. 600 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 5 முறை எரியும். முள்ளும் அதே வேகத்தில் இரண்டு மூன்று அங்குலம் இறங்கி ஏறினால், ஏதோ ஒரு வால்வு சரியாக உட்காரவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றபின் பழைய வார்ப்பிரும்பு ஹெட்களில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். எக்ஸாஸ்ட் வால்வின் சீட் அரிக்காமல் காத்துவந்தது அந்த ஈயமே. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் புதையும், டப்பெட் இடைவெளி சுருங்கும், கடைசியில் வால்வு முழுதாக மூடாது.

எந்த சிலிண்டர்? பிளக் ஒயரை ஒவ்வொன்றாக உருவி, எர்த் கொடுத்துப் பாருங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் முள் தெளிவாக இறங்கும். எதை நிறுத்தியும் முள் அதிகம் அசையவில்லையோ, குறை அங்கேதான். இன்ஜினை அணைத்து, ஃபீலர் கேஜ் வைத்து அந்த டப்பெட்டைச் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். துடிப்பு நின்றால் வேலை முடிந்தது. நிற்காவிட்டால் ஹெட்டை மட்டும் கழற்றி வால்வையும் சீட்டையும் சரிசெய்யலாம். பிளாக்கைத் தொட வேண்டியதில்லை.

(தொடரும்)