உங்களுக்குத் தெரியுமா? டைமிங் பெல்ட்டுக்கு இரண்டு சுற்றுச் சோதனை

கார் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால், கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். இரண்டையும் டைமிங் பெல்ட் இணைக்கிறது; கேம் புல்லியில் பற்கள் கிராங்க் புல்லியைப் போல் இரு மடங்கு இருப்பது அதனால்தான்.

வீட்டிலேயே டைமிங் பெல்ட் மாற்றுபவர்கள், புல்லிக் குறிகளை நேர் சேர்த்து டென்ஷனரை முறுக்கியதுமே சாவியைத் திருப்பிவிடக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே கேம் ஒரு முழுச் சுற்று முடிக்கும்படி கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

நடுவில் தட்டி நின்றால் பலவந்தமாகத் திருப்பாதீர்கள். பெல்ட் பல் மாறி, பிஸ்டன் வால்வில் முட்டியிருக்கலாம். ஸ்டார்ட்டரைப் போட்டால் வால்வே வளைந்துவிடும்.

பெருமளவில் தயாரான கார்களில் முதன்முதலாக டைமிங் பெல்ட் வந்தது 1962இல், ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில்.