மார்கழி இருட்டும் மாதவிடாய் நிற்கும் வயதும்

யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்திலும் பதினொன்றரை மணித்தியாலம் பகல் இருக்கும். இலண்டனிலோ டிசம்பர் 21ஆம் திகதியளவில் சூரியன் காலை 8 மணிக்குப் பின்னர் உதித்து, மாலை 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வீடு திரும்பும் எமது பெண்கள் பலர் பகல் வெளிச்சத்தையே காண்பதில்லை.

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹோர்மோன்கள் ஏறி இறங்கிக் குறையும்போது உடல் திடீரெனச் சூடாகி வியர்க்கும், நித்திரை குழம்பும். நித்திரை கெட்டால் மனமும் சோரும். கோபமும் அழுகையும் வரும். 'ஊர் யோசனை' என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். ஊர் யோசனை எம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டால், மாற்றக்கூடிய வருத்தமும் கவனிப்பாரற்றுப் போய்விடும்.

தென்னாபிரிக்க வெயிலில் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறிய மனநல வைத்தியர் நோர்மன் ரோசந்தால், குளிர்காலத்தில் தமது உற்சாகம் குறைவதைக் கவனித்தார். 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் குளிர்கால மனச்சோர்வை விபரித்து, பிரகாசமான வெளிச்சம் அதைத் தணிப்பதாக அறிவித்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் வைத்தியர் பார்பரா பரி, மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்களிடம் நித்திரை நேரத்தை மாற்றி வெளிச்சம் கொடுக்கும் முறையை ஆராய்ந்துள்ளார். இவை சிறிய ஆய்வுகளே. நித்திரையைக் குறைக்கும் பரிசோதனைகளை நாமாகச் செய்யக்கூடாது.

காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளையிலுள்ள 'கடிகாரம்' சரியாகிறது. எனவே விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழும்புவோம். விடிந்ததும் அரைமணி நேரம் வெளியே நடப்போம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் நடையும் போதும். முகில் மூடிய வானமும் வீட்டு விளக்கைவிடப் பலமடங்கு பிரகாசமானது. இரவில் வெளிச்சத்தையும் தொலைக்காட்சியையும் குறைப்போம்.

வெளிச்சப் பெட்டி வாங்குவோர் 10,000 லக்ஸ் அளவுள்ளதைக் காலையில் அரைமணி நேரம் பாவிப்பது வழக்கம். அதை நேரே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. கண் நோய், நீரிழிவால் கண் பாதிப்பு, அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குடும்ப வைத்தியரிடம் போவோம். ஹோர்மோன் சிகிச்சை, பேச்சுவழிச் சிகிச்சை இரண்டும் இங்கு உண்டு. நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. மகனைக் கூட்டிப் போனால் தாய் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டாள். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் உடனே 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள். உயிராபத்து என்றால் 999.

வீட்டில் ஒருத்தி விடிய நாலு மணிக்கு விழித்தபடி இருந்தால், அவளை 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்பது எங்கள் எல்லோருடைய கடமை.